புதுப் புத்தகம் தேடி ஆர்டர் போடுவது எப்படி? சிறு கடைக்கும் கல்லூரி நூலகத்துக்கும் முழு வழிகாட்டி

மாவட்டத் தலைநகர் ஒன்றில் புத்தகக் கடை வைத்திருக்கிறேன், பக்கத்துக் கல்லூரி நூலகங்கள் சிலவற்றுக்கும் புத்தகம் கொடுக்கிறேன். கடைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பையன்களும் சரி, புதிதாகப் பொறுப்பேற்கும் நூலகர்களும் சரி, தடுமாறுவது ஒரே இடத்தில்தான். பதிப்பகத்தின் விலைப்பட்டியலைக் கையில் எடுத்து, கேள்விப்பட்ட பெயரையெல்லாம் டிக் அடித்து, அதையே ஆர்டராக அனுப்பிவிடுகிறார்கள். விலைப்பட்டியலைத் திறப்பது மூன்றாவது வேலை. முதல் இரண்டைச் செய்யாமல் அங்கே போனால், வந்த புத்தகக் கட்டில் பாதி விற்காமல் அலமாரியிலேயே இருக்கும், வாசகர் கேட்டது மட்டும் இருக்காது.

அரசுப் பொது நூலகங்களுக்கு வாங்குவது தனி வழி. அங்கே பொது நூலக இயக்ககம் அறிவிப்பு வெளியிடும், பதிப்பாளர்கள் விண்ணப்பிப்பார்கள், தேர்வான புத்தகங்கள் மாவட்டங்களுக்குப் போகும். இங்கே சொல்வது அதைப் பற்றி அல்ல. தானே தேர்ந்தெடுத்துத் தானே வாங்குகிற சிறு கடை, கல்லூரி, பள்ளி, ஊர் வாசகசாலை ஆகியவற்றுக்கு.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நீள நோட்டு. ஒரு எக்செல் கோப்பு. பதிப்பகங்களின் போன் எண்கள், குறைந்தது 25. உங்கள் ஊரில் எந்தப் பார்சல் சர்வீஸுக்குக் கிளை இருக்கிறது, அது கடையிலிருந்து எவ்வளவு தூரம் என்ற விவரம். நூலகம் என்றால், இந்த ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு, எத்தனை ரூபாய்க்கு மேல் போனால் கொட்டேஷன் வாங்க வேண்டும் என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிய பதில். வாய்மொழியாகக் கேட்டு வைத்துக்கொண்டால் மார்ச் மாதத்தில் அது மாறியிருக்கும்.

1. முதலில் கேட்பு நோட்டு

யார் என்ன கேட்டார்கள் என்பதை அன்றன்றைக்கு எழுதும் நோட்டு இது. தேதி, கேட்டவர் பெயர், போன் எண், அவர் சொன்ன வார்த்தைகள், கடைசியில் 'என்ன ஆச்சு' என்று ஒரு கட்டம். அவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டும், நீங்கள் ஊகித்த தலைப்பை எழுதக் கூடாது. போன ஆண்டு ஒரு டீச்சர் வந்து, 'மீனவர்களைப் பற்றியது, நீல அட்டை, போன வாரம் பேப்பரில் போட்டிருந்தார்கள்' என்றார். கடைப் பையன் தனக்குத் தெரிந்த ஒரு கடலோர நாவலின் பெயரை எழுதி வைத்துவிட்டான். வரவழைத்துக் கொடுத்தால், 'இது கதைப் புத்தகம் ஆயிற்றே, நான் கேட்டது கட்டுரை' என்றார். 'நீல அட்டை, போன வாரம், பேப்பர்' என்ற மூன்று துப்பும் நோட்டில் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, 'இல்லை சார்' என்று சொல்லி அனுப்பிவிடுவது. நம்மிடம் இல்லாததை ஒருவர் கேட்கிறார் என்பதுதான் அடுத்த ஆர்டருக்கு நமக்குக் கிடைக்கிற முதல் தகவல். ஒரே புத்தகத்தை மாதத்தில் மூன்று பேர் கேட்டிருந்தால் விமர்சனம், விருது எதையும் பார்க்காமல் வாங்கலாம்.

நூலகத்தில் இந்த நோட்டு புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையிலேயே இருக்கட்டும். துறைத் தலைவர்களுக்கு மட்டும் பரிந்துரைப் படிவம் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளும் நூலகங்களில் பாடப்புத்தகங்கள்தான் நிறையும். மாணவர்கள் படிவம் கேட்டு வரமாட்டார்கள், மேசையில் நோட்டு கிடந்தால் எழுதுவார்கள்.

2. பணத்தை மாதவாரியாகப் பிரியுங்கள்

தமிழில் புதுப் புத்தகங்கள் ஆண்டு முழுவதும் சீராக வருவதில்லை. சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடப்பதால் டிசம்பர், ஜனவரியில் குவிகின்றன. நூலக ஒதுக்கீடோ மார்ச் 31 அன்று முடிகிறது. நடுவில் இருப்பது இரண்டே மாதம்.

இதில் இன்னொரு சிக்கல். இப்போது பல இலக்கிய நூல்கள் சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. காட்சியில் விற்றுத் தீர்ந்தால் அடுத்த அச்சுக்குக் காத்திருக்க வேண்டும். மார்ச்சில் எல்லாக் கல்லூரியும் ஒரே நேரத்தில் கேட்கும்போது 'ஸ்டாக் இல்லை' என்று வருவது அதனால்தான். ஒதுக்கீட்டில் ஐந்தில் இரண்டு பங்கை ஜனவரி வரை தொடாமல் வையுங்கள், டிசம்பரிலேயே பட்டியல் கேட்டு வாங்குங்கள், பிப்ரவரி முதல் வாரத்தில் ஆர்டர் போய்விட வேண்டும். மார்ச் 10 வாக்கில் பில் கைக்கு வந்தால்தான் அலுவலகத்தில் பாஸ் ஆகும்.

கடைக்காரருக்கு இதே கணக்கு வேறு விதமாக வரும். ஜனவரியில் கையிலிருக்கும் பணம் முழுவதையும் புதுப் புத்தகத்தில் போட்டுவிட்டால், ஜூனில் கல்லூரிப் பாடத்திட்டத்தில் வைத்த நாவலுக்கும் சிறுகதைத் தொகுப்புக்கும் மாணவர்கள் வரிசையில் நிற்கும்போது வாங்கப் பணம் இருக்காது.

3. எங்கே தேடுவது, எந்த வரிசையில்

தமிழில் வெளிவரும் எல்லாப் புத்தகத்தையும் விலையோடும் இருப்போடும் ஒரே இடத்தில் காட்டுகிற பட்டியல் கிடையாது. நாமே சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் பதிப்பகங்களின் வாட்ஸ்அப் பட்டியலில் உங்கள் கடை எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். சென்னையிலிருப்பவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். நாகர்கோவிலில் காலச்சுவடு, பொள்ளாச்சியில் எதிர் வெளியீடு, புத்தாநத்தத்தில் அடையாளம், சிதம்பரத்தில் மணிவாசகர் பதிப்பகம் என்று தமிழ்ப் பதிப்புலகம் பல ஊர்களில் இருக்கிறது. சாகித்திய அகாதெமி, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகளை மறக்கவே கூடாது. விலை குறைவு, மொழிபெயர்ப்புகள் நிறைய. அவர்கள் விளம்பரம் அதிகம் செய்வதில்லை என்பதால் நாமாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

அடுத்து இணையக் கடைகள். காமன்ஃபோக்ஸ், பனுவல், உடுமலை போன்றவற்றின் புதிய வெளியீடுகள் பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். பதிப்பகத்தின் அறிவிப்பு சீக்கிரம் வரும், ஆனால் அறிவித்த புத்தகம் அச்சாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. பிரபல எழுத்தாளரின் புத்தகம் அட்டைப்படம் வெளியாகி நாலு மாதம் கழித்து வந்த கதையெல்லாம் உண்டு. இணையக் கடையில் முன்பதிவு என்று இல்லாமல் இருப்பில் உள்ளதாகக் காட்டினால், புத்தகம் அச்சாகி வெளியே வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் தெரிந்த பிறகே வாடிக்கையாளரிடம் 'வந்துவிட்டது' என்று சொல்லுங்கள்.

பிறகு மதிப்புரைகள். தினமணி, இந்து தமிழ் திசை நாளிதழ்களின் நூல் பக்கங்கள், 'புத்தகம் பேசுது' மாத இதழ், சிற்றிதழ்கள். மதிப்புரை வந்த நாளிதழை வெட்டிக் கேட்பு நோட்டிலேயே ஒட்டிவையுங்கள். வாசகர்கள் வெட்டிய துண்டோடு வருவார்கள், சிலர் துண்டில்லாமல் நினைவோடு வருவார்கள். சாகித்திய அகாதெமி விருது வழக்கமாக டிசம்பரில் அறிவிக்கப்படும். அன்று மாலையே பதிப்பகத்துக்குப் போன் போட்டால் முதல் கட்டில் உங்கள் பெயர் இருக்கும், மறுநாள் போட்டால் மறு அச்சுக்குப் பிறகுதான்.

கடைசியாகக் கண்காட்சி. சென்னை, ஆகஸ்டில் ஈரோடு, இப்போது மாவட்டந்தோறும் நடப்பவை. சென்னைக்கு இரண்டு முறை போவது நல்லது. முதல் முறை வேலைநாள் மதியத்தில், எதையும் வாங்காமல், ஒவ்வொரு அரங்கிலும் விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கி மேலே அன்றைய தேதியை எழுதிவிட்டு, புதுப் புத்தகங்களின் அட்டையையும் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தையும் கேட்டுக்கொண்டு படம் எடுத்து வாருங்கள். விடுமுறை நாளில் போனால் கூட்டத்தில் அரங்குக்காரர்களால் உங்களிடம் பேச முடியாது. இரவு அறையில் உட்கார்ந்து படங்களைக் கேட்பு நோட்டோடு ஒப்பிட்டு, மறுநாள் தேர்ந்தெடுங்கள். அரங்கில் பொதுவாக எல்லோருக்கும் 10 சதவீதத் தள்ளுபடிதான் கிடைக்கும், கடைக்காரருக்கான கழிவை, அதாவது அச்சு விலையில் பதிப்பகம் நமக்குக் குறைத்துத் தருவதை, அவர்களின் அலுவலகத்தில்தான் பேச வேண்டும். அதனால் அங்கே பார்ப்பது ஒரு வேலை, வாங்குவது வேறு வேலை.

4. எந்தப் பதிப்பு என்று உறுதி செய்யுங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். ஆர்டர் தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

கல்லூரி ஒன்றிலிருந்து 'பொன்னியின் செல்வன் – 3 செட்' என்று ஆர்டர் வந்தது. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானவை, எந்தப் பதிப்பகமும் போடலாம். ஐந்து பாகமும் ஐந்து புத்தகமாக, ஒரே தடித்த புத்தகமாக, சுருக்கப் பதிப்பாக, படங்களோடு, படமில்லாமல் என்று எத்தனையோ விதம் கிடைக்கிறது. விலை பல மடங்கு வித்தியாசப்படும். எந்தப் பதிப்பகம், எத்தனை தொகுதி என்று கேட்காமல் அனுப்பியிருந்தால் திரும்பி வந்திருக்கும். 'திருக்குறள் 5 பிரதி' என்பதும் அப்படித்தான், யார் உரை என்று தெரியாமல் அதை ஆர்டராகவே எடுத்துக்கொள்ளக் கூடாது.

புதுப் புத்தகத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. அட்டை புதிது, பதிப்பகம் புதிது, ஆனால் தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் 'முதல் பதிப்பு 2009, எமது முதல் பதிப்பு 2025' என்று சிறிய எழுத்தில் இருக்கும். பழைய பதிப்பு ஏற்கெனவே நூலகத்தில் இருந்தால் இது புது வரவு ஆகாது. சிறுகதைகளில் இன்னும் கவனம் வேண்டும். ஒருவருடைய மூன்று தொகுப்புகளைச் சேர்த்து 'முழுத் தொகுப்பு' வரும், அதிலிருந்து சிலவற்றை எடுத்துத் 'தேர்ந்தெடுத்த கதைகள்' வரும். பொருளடக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், பதிப்பகங்கள் அனுப்புவார்கள். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லாமல் ஆர்டர் எழுதவே கூடாது. ஒரே நாவலுக்கு இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகள் உண்டு, படிப்பவருக்கு அது வேறு வேறு புத்தகம்தான்.

ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண் உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி ஆர்டர் போடாதீர்கள். 13 இலக்கம், 978-இல் தொடங்கும், இந்தியப் புத்தகத்துக்கு அடுத்து 81 அல்லது 93 வரும். படத்திலிருந்து பார்த்து எழுதும்போது ஓர் இலக்கம் பிசகுவது சகஜம். முதல் இலக்கத்தை 1-ஆல், அடுத்ததை 3-ஆல், அடுத்ததை மறுபடி 1-ஆல் என்று மாறி மாறிப் பெருக்கி, பதின்மூன்றையும் கூட்டினால் வரும் தொகை 10-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் எங்கோ தவறாக எழுதியிருக்கிறீர்கள். எக்செல்லில் ஒருமுறை சூத்திரம் போட்டுவிட்டால் அப்புறம் அதுவே சொல்லிவிடும். ஆனால் எண்ணே இல்லாத தமிழ்ப் புத்தகங்கள் நிறைய உண்டு, பழைய பதிப்பின் எண்ணையே புதுப் பதிப்பிலும் அச்சிட்டுவிடுவதும் உண்டு. அதனால் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, விலை ஆகிய ஐந்தும் இருக்கட்டும், ஐஎஸ்பிஎன் ஆறாவது.

5. ஏற்கெனவே இருக்கிறதா என்று இரண்டு இடத்தில் பாருங்கள்

நூலக மென்பொருளில் ஒருமுறை தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவு செய்வார்கள். பல கல்லூரிகளில் தமிழ்ப் புத்தகங்களை ஆங்கில எழுத்தில் ஏற்றியிருக்கிறார்கள், அதுவும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். முன்னெழுத்து சில இடத்தில் பெயருக்கு முன்னால், சில இடத்தில் பின்னால். தலைப்பில் ஒரு சொல்லை மட்டும் போட்டு ஒருமுறை, ஆசிரியர் பெயரைப் போட்டு ஒருமுறை, தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தேடுங்கள்.

இரண்டாவது இடம், ஆர்டரில் இருப்பவற்றின் பட்டியல். ஜனவரியில் ஆர்டர் போட்டு இன்னும் வராத புத்தகம் மென்பொருளில் தெரியாது. பிப்ரவரியில் வேறொரு துறை கேட்டதும் மறுபடியும் போடுவார்கள், இரண்டும் மார்ச்சில் ஒன்றாக வந்து நிற்கும். ஆர்டர் போட்ட அன்றே எக்செல்லில் ஏற்றிவிட்டால் இது நடக்காது.

6. கழிவு, கடன், திருப்பி அனுப்புதல்: முன்பே பேசுங்கள்

பதிப்பகத்தோடு கணக்குத் தொடங்கும்போது ஐந்து கேள்வி. கழிவு எத்தனை சதவீதம்? பணம் முன்னதாகவா, கடனா, எத்தனை நாள்? விற்காததைத் திருப்பி எடுப்பீர்களா, எத்தனை மாதத்துக்குள்? பார்சல் செலவு யாருடையது? குறைந்தது எத்தனை ரூபாய்க்கு எடுக்க வேண்டும்? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்.

எனக்குக் கிடைத்த கழிவு 25-இலிருந்து 40 சதவீதம் வரை இருந்திருக்கிறது. நூலகர்களுக்காக இந்தக் கணக்கைத் திறந்தே சொல்கிறேன். 300 ரூபாய்ப் புத்தகம், எனக்கு 30 சதவீதம் கிடைத்தால் 90 ரூபாய். கல்லூரிக்கு 15 சதவீதம் கொடுத்தால் 45 போய்விடும். பார்சல், ஆட்டோ, பேக்கிங் என்று பிரதிக்கு 15 ரூபாய் வைத்தால் மீதி 30, அதுவும் பில் பாஸாக மூன்று மாதம் காத்திருந்து. இந்த நிலையில் நூலகம் 30 சதவீதம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் என்ன ஆகும்? நீங்கள் கேட்ட புத்தகம் 'ஸ்டாக் இல்லை' என்று வரும், கழிவு அதிகமுள்ள வேறு புத்தகம் அதன் இடத்தில் வரும். கொட்டேஷனில் கழிவோடு சேர்த்து, பட்டியலில் உள்ளவற்றில் எத்தனை தலைப்பைக் கொண்டுவர முடியும் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒரு பதிப்பகத்திலிருந்து ஐந்து பிரதிக்குக் குறைவாகத் தேவைப்பட்டால் பல பதிப்பக நூல்களை வைத்திருக்கும் விநியோகஸ்தரிடம் எடுங்கள். கழிவு கொஞ்சம் குறையும், ஆனால் ஐந்து பார்சலுக்குப் பதில் ஒரு பார்சல். ஒன்றிரண்டு பிரதி மட்டும் என்றால் அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய கியான் போஸ்ட் இருக்கிறது. 300 கிராமுக்கு 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய் வரை. தரைவழியாகத்தான் போகும், அதனால் அவசரத்துக்கு ஆகாது.

7. எத்தனை பிரதி

முதல் ஆர்டரில் புது எழுத்தாளர் என்றால் இரண்டு, தெரிந்த பெயர் என்றால் ஐந்து. கடைசிக்கு முந்தைய பிரதி விற்ற அன்றே மறு ஆர்டர். மறு ஆர்டர் வர நாலு நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும், அதற்குள் ஒரு பிரதியாவது அலமாரியில் கண்ணில் பட வேண்டும் என்பதுதான் காரணம்.

மொத்தமாக எடுத்தால் கூடுதல் கழிவு என்பார்கள். ஆரம்பத்தில் 5 சதவீதம் கூடக் கிடைக்கிறதே என்று ஒரு நாவலை 50 பிரதி எடுத்தேன், முதல் ஆண்டில் விற்றது 9. கூடுதல் கழிவால் மிச்சமானதைவிடப் பரணில் முடங்கிய பணம் பல மடங்கு.

நூலகத்துக்குப் பொது நூல் ஒரு பிரதி போதும். பாடத்தில் வைத்ததற்கும், கேட்பு நோட்டில் மூன்று பேருக்கு மேல் எழுதியதற்கும் மட்டும் இரண்டு. அந்தப் பணத்தில் இன்னொரு தலைப்பு வாங்கலாம்.

8. ஆர்டர் எழுதும் முறை

கையால் எழுதிய தாளைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். தட்டச்சு செய்து அனுப்புங்கள், ஒரு வரிக்கு ஒரு புத்தகம், வரிசை எண்ணோடு. எண் இருந்தால் அங்கிருப்பவர் '4, 9 இல்லை, மற்றவை அனுப்புகிறோம்' என்று ஒரே வரியில் பதில் போட்டுவிடுவார். எண் இல்லாவிட்டால் பதிலே வராது, கட்டு வந்த பிறகுதான் என்ன விடுபட்டது என்று தெரியும்.

மேலே ஆர்டர் எண், தேதி, பில் யார் பெயருக்கு, பார்சல் எந்தக் கிளைக்கு, யாருடைய போனுக்குத் தகவல். கீழே இரண்டு வாக்கியம் கட்டாயம்: 'குறிப்பிட்ட பதிப்பு இல்லையெனில் மாற்றுப் பதிப்பு அனுப்ப வேண்டாம்', '20 நாளில் வராதவை ரத்தானதாகக் கருதப்படும்'. இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால், நீங்கள் வேறு இடத்தில் வாங்கிய பிறகு அந்தப் புத்தகம் ஒன்றரை மாதம் கழித்து பில்லோடு வந்து சேரும்.

9. கட்டு வந்ததும்

பார்சல் அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் முன் கட்டைச் சுற்றிப் பாருங்கள். மூலை நசுங்கியோ ஈரமாகவோ இருந்தால் அங்கேயே படம் எடுத்து, ரசீதிலும் எழுதிவிட்டுத்தான் வாங்க வேண்டும். கடைக்குக் கொண்டுவந்த பிறகு சொன்னால் பதிப்பகமும் ஏற்காது, பார்சல்காரர்களும் ஏற்கமாட்டார்கள்.

கத்தியை மேலிருந்து ஆழமாக இழுக்காதீர்கள், முதல் புத்தகத்தின் அட்டை கிழியும். கயிறை வெட்டி, டேப்பை ஓரத்தில் கீறிப் பிரிக்க வேண்டும். வெளியே எடுத்த வரிசையிலேயே அடுக்கி, ஒருவர் பில்லைப் படிக்க இன்னொருவர் புத்தகத்தை எடுத்துக் காட்ட டிக் அடியுங்கள். பில்லோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது, உங்கள் ஆர்டரோடும் ஒப்பிட வேண்டும். பில் அவர்கள் அனுப்பியதைத்தான் சொல்லும், நீங்கள் கேட்டதைச் சொல்லாது.

அடுத்து ஒவ்வொரு பிரதியையும் கட்டைவிரலால் முதலிலிருந்து கடைசிவரை சரசரவென்று புரட்டிப் பாருங்கள். புத்தகம் பெரும்பாலும் 16 பக்கம் கொண்ட ஃபாரங்களாக அச்சாகிறது. பைண்டிங்கில் ஒரு ஃபாரம் விடுபட்டால் 96-க்கு அடுத்து 113 வரும். ஒரே ஃபாரம் இரண்டு முறை வரும், தலைகீழாகவும் வரும். புரட்டும்போது ஒரு வெள்ளைப் பக்கமோ தலைகீழ் எழுத்தோ கண்ணில் படும். ஒரு பிரதிக்கு அரை நிமிடம்தான். நூலக முத்திரை குத்திய பிறகு கண்டுபிடித்தால் எந்தப் பதிப்பகமும் திருப்பி எடுக்காது, அதனால் இது முடியும்வரை முத்திரையைத் தொடாதீர்கள்.

குறை இருந்தால் 48 மணி நேரத்துக்குள் படத்தோடு தகவல் அனுப்பிவிடுங்கள்.

10. பில், பதிவு, கேட்டவருக்குத் தகவல்

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஹெச்எஸ்என் எண் (வரிக்காகப் பொருளின் வகையைக் குறிப்பது) 4901. பில்லில் புத்தகத்துக்கு வரி சேர்த்திருந்தால் மாற்றி வாங்குங்கள். விலையைப் பின்னட்டையோடு சரிபாருங்கள். அச்சு விலைக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பதிப்பகத்திடம் கேட்காமல் ஏற்க வேண்டாம்.

நூலகத்தில் வரவுப் பதிவேட்டில் ஏற்றி, பதிவு எண்களைப் பில்லின் பின்பக்கம் எழுதி, பிறகுதான் பில் கணக்குப் பிரிவுக்குப் போக வேண்டும். எண் இல்லாத பில் திரும்பி வரும், அந்த ஒரு வாரத்தில் மார்ச் முடிந்துவிடும்.

பதிவு முடிந்த அன்றே கேட்பு நோட்டைத் திறந்து கேட்டவருக்குப் போன் செய்யுங்கள். புத்தகத்தை அலமாரியில் வைக்காமல், அவர் பெயரெழுதிய சீட்டைச் செருகித் தனியாக ஐந்து நாள் வையுங்கள். மூன்று முறை கூப்பிட்டும் வராவிட்டால் அலமாரிக்குப் போகட்டும். வந்து வாங்கிக்கொண்டால் 'என்ன ஆச்சு' கட்டத்தில் தேதி போட்டு, அப்புறம்தான் அந்த வரியை அடிக்க வேண்டும். வாங்கும்போது அவர், 'இவர் எழுதிய வேறு ஏதாவது இருக்கிறதா' என்று கேட்பார். அதை அடுத்த வரியில் எழுதுங்கள்.